பத்துக்குப் பதினொன்று அறையில் பாட்டுப் பதிவு: ஃபோம் ஒட்டலாமா?

வைகைக்கரையான்

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையை ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். நீளம் 11 அடி, அகலம் 10 அடி, உயரம் ஒன்பதரை அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, நான்கு பக்கமும் வழவழவென்று சிமெண்டுப் பூச்சு. கர்நாடக இசை பாடுகிறேன், ஒரு கட்டை சுருதி. நண்பர் மிருதங்கம் வாசிப்பார். மைக், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிவிட்டேன். அறைக்காக 40,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன்.

கைதட்டினால் சுவருக்குச் சுவர் 'ட்ர்ர்ர்' என்று ஓசை ஓடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், தைவதத்தைத் ('த') தொட்டால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் கும்மென்று வீங்கிவிடுகிறது. பக்கத்து ஸ்வரங்கள் ஒழுங்காக இருக்கின்றன. ஒரு கடையில், இரண்டு அங்குல ஃபோமை நான்கு சுவரிலும் ஒட்டித் தருகிறோம், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒட்டலாமா?

கருங்கல்

ஒட்டாதீர்கள் தம்பி. முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் தைவதம் வீங்குவதற்குக் காரணம் நீங்கள் கொடுத்த அளவிலேயே இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடும். அதை அறையின் நீளத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்துக்குள் நின்று அதிரும் முதல் அதிர்வெண் கிடைக்கும். 11 அடிக்கு 51 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56, ஒன்பதரை அடிக்கு 59. மூன்றும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. இவற்றின் இரட்டிப்பு 103, 113, 119. ஒரு கட்டை சுருதியில் உங்கள் மத்திய ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அப்படியானால் மந்திர சதுச்ருதி தைவதம் 110 பக்கம் வரும். அந்தக் குவியலின் நடுவில் போய் நிற்கிறது. அறையே உங்களோடு சேர்ந்து அந்த ஸ்வரத்தைப் பாடுகிறது.

110 ஹெர்ட்ஸின் அலைநீளம் பத்தடிக்கு மேல். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. கால் அலைநீளம் தள்ளி, அதாவது இரண்டரை அடிக்கு அப்பால்தான் மிக வேகமாக அசைகிறது. அந்த அசைவை உரசித் தடுத்தால்தான் ஒலி குறையும். சுவரோடு ஒட்டிய இரண்டு அங்குல ஃபோம் அங்கே என்ன செய்யும்? ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தின்னும், அவ்வளவுதான். நான்கு சுவரிலும் ஒட்டினால் குரலின் பளபளப்பு போய்விடும், வீக்கம் அப்படியே இருக்கும். கைதட்டல் ஓசை நின்றுவிட்டதால் அறை சரியாகிவிட்டது என்று நம்பி ஓராண்டு பதிவு செய்வீர்கள். எனக்கு நடந்தது அதுதான். அந்த ஓராண்டுப் பதிவுகளில் ஒன்றைக்கூட இன்று என்னால் கேட்க முடியவில்லை.

கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகைகளை வாங்குங்கள். இரண்டு இரண்டாகச் சேர்த்து நான்கு அங்குலப் பேனல் ஆக்கி, அறையின் நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை குறுக்காக நிறுத்துங்கள். இரண்டடி அகலப் பேனலைக் குறுக்கே வைத்தால் பின்னால் ஓரடி ஆழத்துக்குக் காற்றிடம் கிடைக்கும். அந்தக் காற்றிடத்துக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மாடிவீட்டான்

முட்டை அட்டைகளை ஒட்டினால் செலவே இல்லையே? வெளியே பஸ் ஹாரன் சத்தமும் உள்ளே வராது.

கருங்கல்

இரண்டுமே நடக்காது நண்பரே. முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ். வெளிச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், இடைவெளி இருக்கக் கூடாது. கதவுக்கு அடியில் அரை அங்குலச் சந்து இருந்தால் ஒன்பது அங்குலச் சுவர் கட்டியும் பயனில்லை. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுவது வேறு வேலை, அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை.

நிலவொளி

ஃபோம் வேண்டாம் என்பதில் கருங்கல் சொல்வதோடு உடன்படுகிறேன். மற்றதில் இல்லை. நான்கு ஆண்டுகளாக வாடகை வீட்டில் ஒலிப்புத்தகங்கள் வாசித்துப் பதிவு செய்கிறேன். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை. நாலு மூலைகளையும் கூரை வரை அடைத்தால்தான் பதிவு என்று சொன்னால், என்னைப் போன்றவர்கள் தொடங்கியே இருக்க முடியாது.

தம்பி, இப்போது மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பாடுகிறீர்கள்? இரண்டடி என்றால் அதை எட்டு அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரம் மூன்றில் ஒரு பங்கானால் உங்கள் வாயிலிருந்து நேராக வரும் ஒலி ஒன்பதரை டெசிபெல் கூடும். அறையின் ஒலி அப்படியே இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் இந்த ஒன்பதரை டெசிபெலைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

இன்னொன்று. பலர் மைக்குக்குப் பின்னால் தடுப்பு வைக்கிறார்கள். கார்டியாய்ட் மைக் தன் முதுகுப்புறத்தைக் கேட்பதில்லை. பாடுபவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான் கேட்கிறது. ஆகவே தடுப்பு உங்கள் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். நான் துணி காயப்போடும் மடக்குச் சட்டத்தில் இரண்டு கனத்த ரஜாய்களைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறேன். முடிந்ததும் மடித்துக் கட்டிலடியில் தள்ளிவிடுவேன்.

மெத்தையையும் ரஜாயையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்று இளம் பேராசிரியர் வாலஸ் சபைனை அனுப்பினார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து, எத்தனை மெத்தை வைத்தால் ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் பிறந்தது.

கருங்கல்

சபைனைச் சொன்னதில் எனக்கு மகிழ்ச்சி. அவர் அந்த அளவீட்டுக்கு ஊதிய ஆர்கன் குழலின் அதிர்வெண் என்ன தெரியுமா? 512 ஹெர்ட்ஸ். மெத்தை அங்கே வேலை செய்யும், மறுக்கவில்லை. இந்தத் தம்பியின் சிக்கல் 110இல் இருக்கிறது. உங்கள் வாசிப்புக் குரலுக்கு ரஜாய் போதும். மந்திர தைவதத்தில் நின்று கார்வை கொடுப்பவருக்குப் போதாது.

மைக்கை நெருக்கினால் கீழ் அதிர்வெண்கள் தாமாகவே ஏறும், கார்டியாய்ட் மைக்கின் இயல்பு அது. மேலும் மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், கும்கி என்ற அந்தக் கனத்த சொல் விழும்போது ஒலி அறை முழுவதும் எழும். அதை எட்டு அங்குலத்தில் பிடித்தால் தோலின் உரசல்தான் கிடைக்கும், வாத்தியம் கிடைக்காது.

பதிவு செய்ததைக் கேட்டுச் சரிசெய்யும் இடமும் இதே அறைதான் என்பதை மறக்காதீர்கள். மேசையைப் பத்தடிச் சுவரோரம் போட்டு, 11 அடி நீளவாக்கில் பார்த்து உட்காருங்கள். காது முன்சுவரிலிருந்து நாலடி இரண்டு அங்குலத்தில், அதாவது நீளத்தில் 38 சதவீதத்தில் இருக்கட்டும். சரிபாதியில் உட்கார்ந்தால் அந்த 51 ஹெர்ட்ஸ் காதுக்கே வராது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 94 ஹெர்ட்ஸை அழித்துவிடும். உங்கள் மந்திர பஞ்சமம் 98. ஆகவே ஸ்பீக்கரைச் சுவரோடு நெருக்கி வையுங்கள். பிறகு ஒருவரைப் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு பேனல்.

வீணைவழி

நான் முப்பது ஆண்டுகளாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் இருவரும் ஒலியைக் குறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பாடுகிறவனுக்கு அறை திருப்பித் தருவது வேண்டாமா? ஒருமுறை வாடகை ஸ்டூடியோவில் நான்கு சுவரும் கூரையும் பஞ்சால் மூடிய அறையில் உட்காரவைத்தார்கள். மீட்டிய தந்தி விரலடியிலேயே செத்தது. கமகம் இழுத்தால் முடியும் இடம் தெரியவில்லை. கை தானாக அழுத்தி அழுத்தி வாசிக்கத் தொடங்கியது. அன்று வாசித்த வராளி ராகம் என்னுடைய வராளியே இல்லை.

குழந்தாய், மூலைகளை அடைப்பதானால் அடைத்துக்கொள். உனக்கு எதிரே ஒரு சுவரையாவது சும்மா விட்டுவை. அங்கே புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது, கைதட்டல் ஓசையைச் சிதறடிக்கும்.

நிலவொளி

அம்மா சொல்வது என் மனத்தில் இருப்பதுதான். கருங்கல் அண்ணா, உங்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் தம்பி எதையும் வாங்குவதற்கு முன் ஒரே வரியை இரண்டு விதமாகப் பதிவு செய்து கேட்கட்டும். அப்புறம் செலவு செய்யட்டும்.

வைகைக்கரையான்

நேற்று இரவு எல்லோரும் தூங்கியபின் செய்து பார்த்தேன்.

முதலில் ஸ்பீக்கரில் 100 முதல் 120 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாகத் தனி ஒலியை ஓடவிட்டு அறைக்குள் நடந்தேன். 113க்கு வந்தபோது இரும்பு பீரோவின் கைப்பிடி நடுங்கியது. மூலையில் தலையை நுழைத்தால் காதை அடைக்கிறது. பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடியில் நின்றால் யாரோ ஒலியைக் குறைத்தது போல் அடங்கிப்போகிறது. ஒரே ஒலி, நான்கு எட்டு நடப்பதற்குள் இத்தனை வேறுபாடு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

பிறகு நிலவொளி அக்கா சொன்னபடி முதுகுக்குப் பின்னால் ரஜாய் கட்டி, எட்டு அங்குலத்தில் பாடினேன். கைதட்டல் ஓசை போய்விட்டது. குரல் மிக அருகில் வந்துவிட்டது. தைவதம் முன்பு போல் இல்லை, ஆனாலும் வீக்கம் இருக்கிறது. மிருதங்கத்தில் எந்த மாற்றமும் இல்லை, தொப்பி அப்படியே கும்மென்கிறது.

ஃபோம் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். மூலைகளுக்கு மட்டும் ராக்வூல் வாங்கப்போகிறேன். எதிர்ச் சுவரில் அலமாரி. வீட்டில் சிறு குழந்தை இருக்கிறாள், ராக்வூல் பாதுகாப்பானதா?

கருங்கல்

தீக்கு அஞ்ச வேண்டாம், அது கல்லை உருக்கி நூற்ற இழை. அஞ்ச வேண்டியது ஃபோமுக்கு. 2003இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் இசை விடுதியில் மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோமில் வாணப்பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013இல் பிரேசிலில் சாந்தா மரியா நகர விடுதியில் 242 பேர். அங்கேயும் கூரையில் இருந்த ஃபோம்தான் பற்றியது. அறையில் விளக்கேற்றும் வழக்கம் இருந்தால் ரஜாயையும் தள்ளியே வையுங்கள்.

ராக்வூல் இழை தோலில் அரிக்கும், மூச்சில் போகக் கூடாது. அறுக்கும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. குழந்தை அன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும். பலகையை மரச்சட்டத்தில் பொருத்தி எல்லாப் பக்கமும் துணியால் மூடி, பின்னால் ஆணி வரிசையாக அடித்துவிட்டால் இழை வெளியே வராது.

வைகைக்கரையான்

என்ன துணி அண்ணா? ரெக்ஸின் போட்டால் துடைக்க எளிது என்று அம்மா சொல்கிறார்கள்.

கருங்கல்

ரெக்ஸின் வேண்டாம், ஒலி அதன் மேலேயே பட்டுத் திரும்பிவிடும். கடையில் துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால் வாங்கலாம். எங்கள் வீட்டில் கைத்தறி நூல் துணிதான் போட்டிருக்கிறேன்.

வீணைவழி

கைத்தறி என்றால் சின்னாளபட்டியில் பார். உனக்குப் பக்கம்தான்.