மறு: ‘வீக் சிக்னல்’ – வலுவைப் பார்ப்பதா, வயதைப் பார்ப்பதா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

‘வீக் சிக்னல்’ என்பதற்குத் தமிழில் நான் கேட்டது ஒரு சொல். மூன்று நாளில் பதினொன்று வந்துவிட்டன. எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தால் தைப்பூசம் வந்துவிடும், அதனால் ஒரே மடலாக எழுதுகிறேன்.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் முன்கதை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கடை வைத்திருக்கும் இருபது சிறுவணிகர்களுக்கு அடுத்த மாதம் ஒரு பட்டறை. தொழில்நுட்பம், வணிகம், ஊர்நடப்பு இவற்றில் என்னென்ன மாறிவருகிறது, அதை முன்கூட்டியே கண்டு அடுத்த ஐந்தாண்டுக்கு எப்படித் திட்டம் போடுவது என்பதுதான் பொருள். கையேட்டைத் தமிழில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘டிரெண்ட்’ என்றால் போக்கு. அதில் யாருக்கும் சண்டையில்லை. ‘மெகாடிரெண்ட்’ பெரும்போக்கு. ‘வீக் சிக்னல்’, அதாவது வரக்கூடிய ஒரு மாற்றத்தைப் பற்றி முன்கூட்டியே அரைகுறையாகத் தெரியும் தகவல், வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப். 1975-இல் எழுதிய கட்டுரை. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் திகைத்து நின்றன அல்லவா, அதுதான் அவருக்குத் தொடக்கப்புள்ளி. அரபு நாடுகள் என்ன செய்யக்கூடும் என்ற கணிப்பு அப்போது ஒளிந்துகிடக்கவில்லை, திகைத்துப்போன மேலாளர்கள் சிலரின் மேசை மேலேயே இருந்தது என்கிறார் அவர். ஆக, தகவல் இல்லாமல் போகவில்லை. அது அரைகுறையாக இருந்தது, அதனால் யாரும் மதிக்கவில்லை. எல்லாம் தெளிவாகும்வரை காத்திருந்தால் செயல்பட நேரமிருக்காது. தெளிவு கூடக் கூட நம் ஏற்பாட்டையும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது அவருடைய வாதம்.

இப்போது உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

ஈப்போ ஐயா ‘வலுவற்ற சமிக்ஞை’ என்றார். நேரான மொழிபெயர்ப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பினாங்கு அண்ணன் எழுதிய பதில் என்னை யோசிக்க வைத்தது. அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர். ‘எங்கள் இடத்தில் சிக்னல் வலுவில்லை என்றால் ஒயரைப் பார்ப்போம், மின்னழுத்தத்தைப் பார்ப்போம், இரைச்சலைக் குறைப்போம். பழுதைச் சரிசெய்தால் வலு வந்துவிடும். நீங்கள் சொல்வது அது இல்லையே’ என்றார். சரிதான். வலுவற்றது என்று பெயர் வைத்தால் பழுதானது, ஒதுக்கத்தக்கது என்றுதான் காதில் விழும். கடைக்காரரிடம் போய் ‘வலுவற்ற சமிக்ஞைகளைக் கவனியுங்கள்’ என்றால், ‘வலுவானதைக் கவனிக்கவே நேரமில்லை’ என்பார்.

கிள்ளான் தம்பி சொன்ன ‘துப்பு’ எனக்கு உடனே பிடித்தது. சின்னச் சொல், வாயில் நிற்கும். ஆனால் துப்பு என்றால் ஏற்கெனவே நடந்துமுடிந்த ஒன்றைத் தேடிப் போகிறோம். திருட்டு நடந்த பிறகுதான் துப்பு. ‘அறிகுறி’ போதுமே என்ற இருவருக்கும் இதே பதில்: அறிகுறி தெரியும்போது நோய் உடம்புக்குள் வந்துவிட்டது. நாம் தேடுவது நோயாகுமா, ஒன்றுமில்லாமல் போகுமா என்று தெரியாத கட்டத்துக்கு ஒரு பெயர்.

சுங்கை பட்டாணி ஆசிரியை அக்கா ‘விரிச்சி’ என்றார், தற்செயலாகக் காதில் விழும் சொல்லை நிமித்தமாகக் கொள்வது. ஒருநாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நாழி நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தொழுது, நற்சொல் கேட்க ஊர்ப்புறத்தில் நிற்கிறார்கள். அந்த வழியில் ஓர் ஆயர் பெண், கட்டிப்போட்ட பசுங்கன்று தாயைத் தேடித் தவிப்பதைப் பார்த்து, ‘இதோ உன் தாய்மார் வந்துவிடுவார்கள்’ என்கிறாள். அதைக் கேட்டவர்கள், போருக்குப் போன தலைவனும் வந்துவிடுவான் என்று தலைவியிடம் சொல்கிறார்கள். அக்கா பிடித்த இடம் இதுதான்: அந்தப் பெண் இவர்களுக்குச் சொல்லவில்லை, கன்றுக்குச் சொன்னாள். அனுப்பியவர் என்று யாருமே இல்லாத செய்தி அது.

இந்த ஒரு கருத்துக்காகவே அக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறேன். சமிக்ஞை, சைகை, குறிகை மூன்றிலும் கைகாட்டும் ஆள் ஒருவர் உண்டு. சந்தையில் நடக்கும் மாற்றம் யாருக்கும் கை காட்டுவதில்லை. அது பாட்டுக்கு நடக்கிறது, பார்ப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ‘குறி’ போதும். குறிக்கு அனுப்புநர் தேவையில்லை. ஆனால் விரிச்சியை அப்படியே எடுக்க முடியவில்லை, அக்கா மன்னிக்க வேண்டும். அருஞ்சொற்பொருள் இல்லாமல் கடைத்தெருவில் அது நடக்காது என்பது ஒன்று. விரிச்சிக்கு நிற்பவர் நல்ல சொல் வேண்டும் என்று ஏங்கி நிற்கிறார் என்பது இன்னொன்று. திட்டம் போடுகிறவனுக்கு ஆகவே ஆகாத நிலை அது. காதில் விழுந்ததையெல்லாம் தனக்கு வேண்டியபடி பொருள் கொண்டுவிடுவான்.

எனக்கு வழி தெரிந்தது வேறு இடத்தில்.

அப்பா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். எழுபதுகளில் ஒருநாள் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டுக்குப் பின்னால் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் வரிசை வரிசையாகச் செம்பனைக் கன்றுகள் வந்து இறங்கியதாம். பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறார்கள். அப்பாவும் தினம் பால் வாளியோடு அதைக் கடந்துதான் போவார். முழங்கால் உயரம்கூட இல்லை, அதில் பார்க்க என்ன இருக்கிறது? அந்தக் கன்று ஏறக்குறைய ஓராண்டு பையில் வளரும். நிலத்தில் நட்டால் மூன்று ஆண்டில் குலை தள்ளும். பால்மரத்தை வெட்டத் தொடங்கவே ஐந்தாறு ஆண்டு ஆகும். பால்மரத்துக்கு விடிகாலையில் ஆள் வேண்டும், ஏறக்குறைய தினமும். செம்பனைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடை போதும். இத்தனையும் அந்தக் கறுப்புப் பைக்குள் இருந்தது. சில ஆண்டில் பால்மரக்காடு சாய்ந்தது, அப்புறம் ஆட்கள் குறைந்தார்கள், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நாங்கள் கோலாலம்பூரில் செந்தூலுக்கு வந்தோம்.

இத்தனைக்கும் செம்பனை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. கோல சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் 1917-இலேயே வணிகப் பயிராக நட்டிருக்கிறார்கள். உலகத்துக்குப் பழைய சங்கதி, எங்கள் லயத்துக்கு மட்டும் புதுக்கன்று. ஒரே பொருள் ஓரிடத்தில் பெரும்போக்காகவும் இன்னோரிடத்தில் முதல் தளிராகவும் இருக்கலாம் என்பதைக் கையேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

அந்தக் கன்று வலுவற்றதா? இல்லை. சின்னது, அவ்வளவுதான். இதை வலுவால் அளக்கக் கூடாது, வயதால் அளக்க வேண்டும். நம் மொழியில் வயதைச் சொல்லும் சொல்லுக்குப் பஞ்சமா? அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவுக்கே ஏழு நிலை எண்ணுகிறோம்.

ஆகவே என் முன்மொழிவு: அரும்புகுறி. கூடவே ‘எமர்ஜிங் டிரெண்ட்’ என்பதற்கு அரும்புபோக்கு. ‘வளர்ந்துவரும் போக்கு’ என்பது பெயர் மாதிரி இல்லை, பாதி வாக்கியம் மாதிரி இருக்கிறது.

அரும்பில் எனக்குப் பிடித்தது, எல்லா அரும்பும் மலராது என்பது எல்லாருக்கும் தெரியும். காற்றில் உதிரும், புழு அரிக்கும். அந்த ஐயம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் காலையில் பாருங்கள், சரம் கட்டுகிறவர் மல்லிகையை அரும்பாகத்தான் கட்டுவார். மாலையில் தலையில் வைக்கும்போது அது விரியும். விரிந்த பூவை வாங்கிக் கட்டினால் வியாபாரம் படுத்துவிடும். பட்டறைக்கு வருகிறவர்களில் இரண்டு பேர் பூக்கடைக்காரர்கள். அவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

அதில் ஒருவர் கடையில்தான் நான் ஏமாந்தேன். 2019 தீபாவளிக்கு முந்தைய வாரம், மாலைகளுக்கு நடுவே ஓர் ஊக்கில் கியூஆர் அட்டை தொங்கியது. கைப்பேசியால் பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் மலேசியாவில் வந்த ஆண்டு அது. ‘என்னக்கா இது, இரண்டு ரிங்கிட் பூவுக்கா?’ என்று சிரித்தேன். ‘சில்லறை தேடுற நேரத்துல நாலு முழம் கட்டிடுவேன் தம்பி’ என்றார். அதே மாதம் நான் கணக்குப் பார்த்த மளிகைக் கடைக்கு, ரொக்கம் எண்ணும் இயந்திரம் ஒன்று வாங்கச் சொல்லி யோசனை கொடுத்தேன். அடுத்த மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் காசுத்தாளைத் தொடவே பயந்தார்கள். அந்த இயந்திரம் இப்போது அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. முதலாளி இன்னும் என்னைப் பார்த்தால் அதைத்தான் காட்டுவார்.

எது அரும்புகுறி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலேசிய அரசு கட்டாயமாக்கிய மின்விலைப்பட்டியலை (இ-இன்வாய்ஸ்) சிலர் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தீர்கள். 2024 ஆகஸ்ட் 1-இல், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கி அது கட்டம் கட்டமாகக் கீழே இறங்கியது. தேதி போட்டு அறிவித்த பிறகு அது குறியே இல்லை, கட்டளை. அதற்கு ஆவதறியும் அறிவு வேண்டாம், நாட்காட்டி போதும்.

‘ஆவதறியும்’ என்றேன், வரப்போவதை முன்கூட்டி அறிவதான ‘ஃபோர்சைட்’ என்பதற்கு ‘ஆவதறிதல்’ என்று போடலாமா? ‘அறிவுடையார் ஆவதறிவார்’ என்று வள்ளுவர் கொடுத்துவிட்டே போயிருக்கிறார். தொலைநோக்கு என்று எழுதினால் நம் மலேசியாவில் 1991-இல் அறிவித்த 2020 இலக்குதான் நினைவுக்கு வருகிறது. அது நாம் போய்ச்சேர விரும்பும் இடம். ஆவது என்பது நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வருவது. வரும் மாற்றங்களைத் தேடிப் பார்ப்பதான ‘ஹொரைசன் ஸ்கேனிங்’ என்பதற்கு அடிவானத்தையெல்லாம் இழுக்க வேண்டாம், ‘நோட்டம்’ போதும். அந்தக் காலத்தில் நாணயம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கும் நோட்டம் என்றுதான் பெயர். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஒற்றுப் பிரச்சினைக்கு வருகிறேன், அது வராமல் இந்தக் குழுவில் எந்தச் சொல் தப்பித்திருக்கிறது? நேற்றிரவு வரைவைப் பார்த்த ஈப்போ ஐயா, மென்றொடர்க் குற்றியலுகரம் (மெல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரம்), ‘அரும்புக்குறி’ என்று க் மிக வேண்டும் என்றார். மருந்துக்கடை, பாம்புத்தோல் போல. அரும்பு பெயராக இருந்தால் ஐயா சொல்வது சரி. அப்போது அரும்பினுடைய குறி என்றாகும். நான் வினையாக எடுக்கிறேன். அரும்பிய குறி, அரும்புகின்ற குறி, அரும்பும் குறி, மூன்று காலமும் மறைந்து நிற்கும் வினைத்தொகை. ஊறுகாயில், சுடுகாட்டில் ஒற்று மிகவில்லை அல்லவா? எப்போது தொடங்கியது என்று திட்டமாகச் சொல்ல முடியாத ஒன்றுக்கு மூன்று காலமும் கலந்த தொகை பொருந்துவது தற்செயல்தான். ஆனாலும் விட மனமில்லை.

குறி என்றாலே குறி சொல்லுகிறவர் நினைவு வரும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. மருத்துவர்கள் அறிகுறியை அன்றாடம் சொல்கிறார்கள், அங்கே உடுக்கை ஒலிக்கவில்லை. அரும்புமீசை என்று கிள்ளான் தம்பி கிண்டல் செய்ததைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். மீசையில் உயிரோடு இருக்கும் சொல்லை அகராதியில் தேட வேண்டியதில்லை.

பொருத்திப் பார்க்க இரண்டு வாக்கியம்: ‘இந்தக் காலாண்டில் உங்கள் கடைவாசலில் கண்ட அரும்புகுறிகளைக் குறித்து வையுங்கள்.’ ‘மூன்று அரும்புகுறிகள் ஒரே பக்கம் சாய்ந்தால் அரும்புபோக்கு என்று கொள்ளலாம்.’ வாய்விட்டுப் படித்துவிட்டு, இடறுகிற இடத்தைச் சொல்லுங்கள்.

கையேடு வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் ஐயாவும் அக்காவும் க் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது. வராவிட்டால் ஒற்று இல்லாமல் அச்சிட்டுவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து