79 வயது ஆயாவை அந்தமானுக்கு அழைத்துச் செல்லலாமா?

தண்டையார்பேட்டை பேத்தி:
வரும் ஜனவரியில் எங்கள் குடும்பம் அந்தமான் செல்லவிருக்கிறது. 79 வயதான எங்கள் ஆயாவையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம், ஆயாவுக்கும் ஆசைதான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் முழங்கால் வலியால் அதிக தூரம் நடக்க முடியாது. இந்த வயதில் கடல் தாண்டிப் போவது வீண் ஆபத்து என்றும், இராமேசுவரத்துக்கு அழைத்துச் சென்றால் புண்ணியமாவது சேரும் என்றும் பெரியப்பா சொல்கிறார். முதியவர்களோடு அங்கே போய் வந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

கல்மண்டபம்:
உங்கள் பெரியப்பா சொல்வதில் பாதி சரி. புண்ணியக் கணக்கை விட்டுவிடுகிறேன். மருத்துவக் கணக்கைப் பார்ப்போம். நம் வடசென்னையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோவில் ஏற்றிச் சிறிது நேரத்தில் ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்துவிடலாம். அந்தமானில் சுற்றுலாக்காரர்கள் விரும்பிப் போகும் ஹேவ்லாக் தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான். பெரிய சிகிச்சை என்றால் தலைநகரான போர்ட் பிளேருக்கு வர வேண்டும், வேகப் படகிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகும், கடல் கொந்தளித்தால் அந்தப் படகும் ஓடாது. அதோடு, அங்கே போகிறவர்கள் நாடுவது ராதாநகர் கடற்கரையையும் ஸ்கூபா என்னும் கடலடி நீச்சலையும்தான். சக்கர நாற்காலி மணலில் உருளாது. கடைசியில் ஆயா விடுதி அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்; குடும்பப் படம் எடுக்கும்போது மட்டும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். இப்படிப் பல குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருவொற்றியூர்க்காரி:
இராமேசுவரமும் தீவுதான் என்பதைப் பெரியப்பாவுக்கு நினைவூட்டுங்கள். இரவெல்லாம் ரயிலில் சென்று, ஈரம் சொட்டும் புடவையோடு வழுக்கும் கல்தரையில் 22 தீர்த்தங்களையும் சுற்றி வருவதற்கு யாரும் ஆபத்து என்று பெயர் வைப்பதில்லை. இரண்டேகால் மணி நேர விமானப் பயணத்துக்கு மட்டும் நமக்குப் பயம் வந்துவிடுகிறது.

மணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தபோது, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் அதன் சுவரில் தடைபட்டுத் தேங்கியது. மெரினா அகலமாயிற்று, ராயபுரத்துக்கு வடக்கே நம் கரையை அலை தின்றது. மிச்சமிருப்பதைக் காக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் எண்ணூர் விரைவுச் சாலையோரம் கிடக்கின்றன. முழங்கால் வலியுள்ளவர் அவற்றைத் தாண்டிப் போய்க் கால் நனைக்க முடியுமா? மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதையும் 2022இல் மெரினாவுக்குத்தான் வந்தது, காசிமேட்டுக்கு அல்ல. வீட்டு வாசலில் கடல் இருந்தும் இறங்க வழியில்லாத ஒரு பெண்மணிக்கு, அகலமான வெண்மணலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தாலே போதும். அது உருள வேண்டிய அவசியமே இல்லை.

கல்மண்டபம்:
கடலரிப்பின் வரலாற்றில் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு கிடையாது. துறைமுகம் செய்த அநீதிக்கு ஆயாவின் முழங்கால் ஈடுகட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பேத்தியே, ஆயா அங்கே எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்? நாம் இருவரும் அவர் சார்பில் கடற்கரையை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தண்டையார்பேட்டை பேத்தி:
கேட்டேன். கடற்கரையைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்தமான் கப்பலில் சரக்கு ஏற்றிய கதைகளை வீட்டில் சொல்வாராம். அந்தக் கப்பல் எந்த ஊரில் போய் நின்றதோ அந்த ஊரையும், அங்கிருக்கும் சிறையையும் பார்க்க வேண்டும் என்கிறார். கப்பலிலேயே போகலாம் என்றும் சொல்கிறார், அம்மா சம்மதிக்கவில்லை.

வியாசர்பாடி:
கப்பலில் அழைத்துச் செல்லுங்கள். பர்மாவிலிருந்து 1960களில் கப்பலேறி வந்த முதியவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை துயரத்தோடு வந்திருந்தாலும் அந்தக் கடல் பயணத்தை அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

பழைய வண்ணை:
வியாசர்பாடி நண்பரே, அவர்கள் அப்போது இளைஞர்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். கப்பல் ஆடும்போது குளியலறைக்குப் போய் வருவதே திடமானவர்களுக்குக்கூடச் சிரமம். விமானமே நல்லது. சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்தால், மீனம்பாக்கத்தில் வாசலிலிருந்து விமானம் வரை அழைத்துச் செல்வார்கள்.

என் மாமியாரோடு போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிறையை மையமாக வைத்துத் திட்டமிட்டால் கல்மண்டபம் அவர்களின் அச்சம் பெருமளவு தீர்ந்துவிடும். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட, போர்ட் பிளேரிலுள்ள அந்தச் செல்லுலார் சிறையில், நடுக் கோபுரத்திலிருந்து ஏழு பக்கமும் நீண்ட கட்டடங்கள் இருந்தன. இன்று மூன்றுதான் எஞ்சியிருக்கின்றன. மற்றவை இடிந்தும் இடிக்கப்பட்டும் போன வளாகத்தில்தான் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை 1963இல் வந்தது. நீங்கள் பார்க்கப் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் தீவுகளின் முக்கியமான அரசு மருத்துவமனை இருக்கிறது என்றால், இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மாடி அறைகளுக்கும் கோபுரத்துக்கும் படியேற வேண்டும், அவற்றை விட்டுவிடுங்கள். தரைத்தளத்து அறைகளையும் தூக்குமேடையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, மாலை ஒலி ஒளிக் காட்சியை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஜனவரியில் அங்கே ஐந்தரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிற முதியவர்களுக்கு அந்த ஊர் நன்றாகவே ஒத்துப்போகும்.

பிரிட்டிஷாரின் தலைமையிடமாக இருந்த ராஸ் தீவில் பேட்டரி வண்டி ஓடுகிறது. ஆனால் அதற்குப் படகில் போக வேண்டும்; ஏறும்போதும் இறங்கும்போதும் படகு ஆடும், இருபுறமும் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று காலையில் கடலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மொழிக் கவலையும் வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழ் பேசுபவர்கள் ஏராளம்.

கல்மண்டபம்:
மருத்துவமனையைப் பற்றிய தகவலுக்கு நன்றி. போர்ட் பிளேர் மட்டும் என்றால் என் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் பேத்தியின் வீட்டார் ஹேவ்லாக்கை விடப்போவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது ஆயாவோடு தங்குவது யார்? "நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று ஆயா சொல்லிவிடுவார். எல்லோரும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள்.

திருவொற்றியூர்க்காரி:
இரண்டு அணியாகப் பிரியலாமே? முதல் நாள் பாதிப் பேர் போகட்டும், அவர்கள் திரும்பிய பிறகு மீதிப் பேர் போகட்டும். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இப்படித்தானே சினிமாவுக்குப் போகிறோம்? அதற்காகக் குழந்தையை இராமேசுவரத்துக்கு அனுப்புவதில்லை.

தண்டையார்பேட்டை பேத்தி:
முதல் அணியில் யார் போவது என்று இப்போதே சித்தப்பா பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். ஆயாவை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் விமானச் சீட்டு எடுக்கப்போகிறோம். போர்ட் பிளேரில் தரைத்தள அறை உள்ள விடுதியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கல்மண்டபம்:
தேடுங்கள். ஹேவ்லாக் திட்டத்தில் இருக்கும் வரை என் வாக்கு பெரியப்பாவுக்கே.