‘ஃபால்’, ‘டிராப்’, ‘டிசெண்ட்’, ‘சிங்க்’: எதை எங்கே எழுதுவது?

கேள்வி:
வணக்கம். கீழ்நோக்கிய அசைவைக் குறிக்கும் ‘ஃபால்’, ‘டிராப்’, ‘டிசெண்ட்’, ‘சிங்க்’ ஆகிய ஆங்கிலச் சொற்களுள் ஒன்றைத் தேடினால், அகராதி அதன் பொருளாக மற்றொன்றையே காட்டுகிறது. இவற்றை எதைக் கொண்டு பிரித்தறிவது?

மறுமொழி 1:
இறங்கும் பொருளுக்குத் தன் அசைவின் மீது பிடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடியின்றிப் புவியீர்ப்பின் போக்கில் போவது ‘ஃபால்’. ஒரு வழியைப் பற்றிக் கட்டுப்பாட்டோடு இறங்குவது ‘டிசெண்ட்’. விமானம் தரையிறங்குவதற்காகத் தாழ்ந்து வருவதைச் சொல்லுமிடத்தில் ‘ஃபால்’ என்று எழுதினால், படிப்பவர் அதை விபத்துச் செய்தியாகவே எடுத்துக்கொள்வார். ‘டிசெண்ட்’ சற்று எழுத்துநடை சார்ந்த சொல். படியிறங்குவதற்குப் பேச்சில் ‘கோ டவுன்’ போதும். ‘சிங்க்’ என்பதோ நீர், சேறு போன்ற ஒன்றுக்குள் அமிழ்வது. கிணற்றில் போட்ட கல் நீர்மட்டம் வரை ‘ஃபால்’, அங்கிருந்து அடிவரை ‘சிங்க்’.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு இலக்கணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘ஃபால்’ செயப்படுபொருளை ஏற்காது, ‘டிராப்’ ஏற்கும். கோப்பையைக் கைநழுவ விட்டவர் ‘ஐ டிராப்ட் த கப்’ எனலாம், ‘ஐ ஃபெல் த கப்’ என்பது பிழை. நம்முடைய ‘விழு’, ‘வீழ்த்து’ இணையைப் போல, ‘ஃபால்’ என்பதற்கும் ‘ஃபெல்’ என்றொரு பிறவினை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கே வழங்குகிறது. அதன் இறந்தகாலம் ‘ஃபெல்ட்’. ‘ஃபால்’ என்பதன் இறந்தகாலமும் ‘ஃபெல்’ என்றே இருப்பது பயில்வோரின் தலையெழுத்து. பெட்டியைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினால் ‘லோயர்’, கயிற்றை விட்டுவிட்டால் ‘டிராப்’.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விலை, வெப்பநிலை போன்றவற்றுக்கும் இதே அளவுகோல்தானா?

மறுமொழி 1:
இல்லை, அங்கே வேகமும் அளவுமே முக்கியம். ‘ஃபால்’ எதற்கும் பொருந்தும். ‘டிராப்’ என்றால் பெரும்பாலும் சட்டென்று இறங்கியது என்ற தொனி வரும். ‘டிக்ளைன்’ நாள்பட்ட சரிவைச் சொல்லும். ‘பிளஞ்ச்’ தடாலென்று வெகுவாக வீழ்ந்ததைச் சொல்லும். ஆனால் வினையைவிட அதை அடுத்து வரும் சிறுசொல்லில்தான் பொருள் அதிகம் கெடுகிறது. 100 ஆக இருந்த விலை ‘ஃபெல் பை 20’ என்றால் இப்போது 80. ‘ஃபெல் டு 20’ என்றால் வெறும் 20.