மேக்கில் விளையாடும்போது எஃப்5, எஃப்11, கன்ட்ரோல் விசைகள் தொல்லை தருகின்றன: உதவி தேவை

பனித்துளி:
விண்டோஸிலிருந்து அண்மையில் மேக்புக்குக்கு மாறினேன். நான் விளையாடுவதில் எஃப்5 அழுத்தினால் ஆட்டம் சேமிக்கப்படும், எஃப்11 வரைபடத்தைத் திறக்கும். இங்கே எஃப்5 அழுத்தினால் பேச்சை எழுத்தாக்கும் மைக் எழுந்து நிற்கிறது. எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தினால் சேமிக்கிறது. ஆனால் சண்டையின் நடுவே அதற்கு எந்த விரல் மிச்சம் இருக்கிறது? எஃப்என்னோடு எஃப்11 அழுத்தினாலோ எல்லாச் சாளரங்களும் ஒதுங்கி டெஸ்க்டாப் தெரிகிறது. இவற்றைவிடக் கொடுமை, பதுங்கியபடியே சாய்ந்து எட்டிப் பார்க்க முயலும்போது சில நேரம் ஆட்டமே மூடிக்கொள்கிறது. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

மரகதப்புறா:
முதலில் எஃப்5. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதில் ஃபங்ஷன் கீஸ். எஃப் விசைகளை வழக்கமான எஃப் விசைகளாகவே பயன்படுத்தும் தேர்வு அங்கே உண்டு; அதை இயக்குங்கள். அதன்பின் ஒலி, ஒளி மாற்றத்தான் எஃப்என் தேவைப்படும்.

எஃப்11 வேறு கதை. அந்த விசையை ஆட்டத்துக்கு எட்டவிடாமல் இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. அதே ஷார்ட்கட்ஸ் பட்டியலில் மிஷன் கன்ட்ரோலுக்குள் போய், ஷோ டெஸ்க்டாப்புக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

பனித்துளி:
இரண்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி! ஆட்டம் மூடிக்கொள்வது மட்டும் தொடர்கிறது.

கருவிழி:
பதுங்குவதற்கு எந்த விசை? கன்ட்ரோல், கமாண்ட் போன்ற விசைகளின் வேலையை மாற்றும் மாடிஃபையர் கீஸ் பகுதியில் எதையாவது இடம் மாற்றியிருக்கிறீர்களா?

பனித்துளி:
பதுங்க கன்ட்ரோல், சாய கியூ. விண்டோஸ் பழக்கத்துக்காக கன்ட்ரோலையும் கமாண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்திருக்கிறேன்.

கருவிழி:
அதுதான் காரணம். நீங்கள் கன்ட்ரோலோடு கியூ அழுத்தும்போது மேக்குக்குப் போய்ச் சேர்வது கமாண்டும் கியூவும். செயலியை மூடு என்ற கட்டளை அது. கமாண்டும் டபிள்யூவும் சாளரத்தை மூடும் என்பதால் பதுங்கியபடி டபிள்யூ அழுத்தி முன்னே நடப்பதும் ஆபத்துதான். இடமாற்றத்தை விட மனமில்லையென்றால், ஆட்டத்தின் அமைப்பில் பதுங்குவதை சி விசைக்குக் கொண்டுபோங்கள். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன், சுண்டுவிரலுக்கும் ஓய்வு. தனி விசைப்பலகை வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு வழி உண்டு: மாடிஃபையர் கீஸ் ஒவ்வொரு விசைப்பலகைக்கும் தனித்தனியாக அமையும். மேலே உள்ள பட்டியலில் விசைப்பலகையைத் தேர்ந்து, விளையாடப் பயன்படுத்தும் பலகையை மட்டும் இயல்பு நிலையில் விடலாம்.

பனித்துளி:
சி விசைக்கு மாற்றிவிட்டேன், இப்போது மூடவில்லை. கடைசியாக ஒன்று: விளையாடாத நேரத்தில் ஒலி விசைகள் பழையபடி எஃப்என் இல்லாமலே இயங்குமா?

மரகதப்புறா:
கரபைனர் எலிமென்ட்ஸ் என்ற இலவச மென்பொருளில் வேலைக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று என இரண்டு புரொஃபைல்கள் வைத்து, மேல்பட்டையிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். நிறுவும்போது உள்ளீட்டைக் கண்காணிக்க அனுமதி கேட்கும், கொடுக்காவிட்டால் இயங்காது. ஆனால் ஒரு விசைக்கு ஒரு செயல் என்ற அளவோடு நிறுத்துங்கள். ஒரே அழுத்தில் பல செயல்கள் நடக்கும்படி அமைப்பதைப் பல இணைய ஆட்டங்கள் விதிமீறலாகக் கருதுகின்றன.

கருவிழி:
ஒரு சேர்க்கை. பிற நிறுவன விசைப்பலகைகள் பலவற்றில் எஃப்என் அதன் உள்ளேயே முடிந்துவிடும், கணினிக்கு அந்த அழுத்தம் வருவதே இல்லை. அதைக் கரபைனர் போன்ற மென்பொருளால் மாற்ற முடியாது. வாங்குமுன், எஃப்என்னை அழுத்திப் பிடிக்காமலே எஃப் விசைகளை இயங்கவிடும் எஃப்என் பூட்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.