மலையமான் பிள்ளைகளும் ஒன்பதாம் வகுப்பும்

திருக்கோவிலூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். மனித உரிமைகள் பாடத்தை முதன்முறை நடத்தியபோது உரிமைகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பிழையின்றி ஒப்பித்தார்கள். ஆனால் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

மறு ஆண்டு புறநானூற்றின் 46ஆம் பாட்டிலிருந்து தொடங்கினேன். பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடச் சோழ மன்னன் கிள்ளிவளவன் முனைந்தபோது புலவர் கோவூர்கிழார் பாடிய பாட்டு அது. மலையமான் ஆண்டது எங்கள் ஊர்ப்பக்கம் என்றவுடனே வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. யானையைக் கண்டதும் அழுகையை மறந்து, கூடியிருந்தோரை மருண்டு பார்க்கும் அந்தச் சிறுவர்களைப் பற்றிய அடிகளை இருமுறை படித்துவிட்டு, அவர்கள் பிழைத்தார்களா என்பதைச் சொல்லாமல், ‘அந்த மன்றத்தில் நீங்கள் இருந்தால் அரசனிடம் என்ன சொல்வீர்கள்?’ என்று எழுதச் சொன்னேன்.

பெரும்பாலோர் அரசனைக் கண்டித்து எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும், வரப்புத் தகராறு காரணமாக எதிர்வீட்டுப் பையனோடு பேசக்கூடாது என்று தன் வீட்டில் தடுத்திருப்பதை எழுதி, ‘சண்டை போட்டது எங்க அப்பாவும் அவங்க அப்பாவும்தானே, நாங்க என்ன பண்ணினோம்?’ என்று முடித்திருந்தான். அவன் அனுமதியோடு அதை வகுப்பில் படித்தபோது எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். பெற்றோரின் செயலுக்காகக் குழந்தையைத் தண்டிக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு கூறுவதையும், 1992இல் இந்தியா அதை ஏற்றதையும் அதன்பிறகுதான் சொன்னேன். அந்தப் பிரிவை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளை உயிர்பிழைக்க வைத்த பாட்டு இது என்று பழைய குறிப்பு சொல்வதை அடுத்த நாள் தெரிவித்தேன். புலவர் அரசனை ஏசவில்லை. புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்று நினைவூட்டிவிட்டு, ‘கேட்டனையாயின் நீ வேட்டது செய்ம்மே’ என்று முடிக்கிறார். ‘விருப்பம்போல் செய்’ என்று சொல்வது கோழைத்தனம் என்றாள் ஒரு மாணவி. கேட்ட பிறகு அரசனால் வேறெதுவும் செய்ய முடியாது என்றாள் இன்னொருத்தி. மணி அடித்தும் வாதம் ஓயவில்லை. இந்தப் பாட்டை வகுப்புக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்கள், பாட்டின் கீழுள்ள அந்தக் குறிப்பை மட்டும் முதல் நாளே படித்துக் காட்டிவிட வேண்டாம்.