பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை: காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

கல்லுக்கட்டிக்காரன்:

காரைக்குடியில் ஒரு பெரிய தனியார் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் கிளையில் சேல்ஸ் மேனேஜராக இருந்து, சமீபத்தில் வேலையை விட்டுவிட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பி.காம்., எம்.பி.ஏ. முடித்த கையோடு இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். இன்டர்வியூவில் யாரும் சொல்லாததை இங்கே எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும். அனுபவம் உள்ளவர்கள் நீங்களும் எழுதுங்கள்.

சேர்ந்ததும் ஒரு தாளைக் கொடுத்துத் தெரிந்தவர்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதச் சொல்வார்கள். சித்தப்பா, தாய்மாமன், கூடப் படித்தவன், அப்பா வேலை பார்த்த கடையின் முதலாளி என்று நிரப்புவோம். அந்தத் தாள்தான் வேலையே. நமக்குக் கீழே ஏஜெண்ட் சேர்க்க வேண்டும். ஏஜெண்ட் ஆவதற்கான ஐ.சி. 38 பரீட்சை எழுதி வரும் அவர்களும் அதே போலத் தங்கள் சொந்தபந்தத்தை எழுதித் தருவார்கள். சென்னையில் அந்தப் பட்டியல் தீர்ந்தால் வேறு ஆள் கிடைப்பார்கள். இங்கே கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் வழியில் உறவு வந்துவிடும். ஒரு வீட்டில் கெட்ட பெயர் எடுத்தால் அடுத்த கல்யாணப் பந்தியில் அதுதான் பேச்சு.

காலையில் மதுரையிலிருந்து ரெவ்யூ கால். "இன்னைக்கு எத்தனை லாகின்?", அதாவது எத்தனை புது பாலிசி விண்ணப்பம் பதிவாயிற்று என்பதுதான் முதல் கேள்வி. பூஜ்யம் என்று சொன்னவரை எல்லோர் காதிலும் விழும்படி வறுத்தெடுப்பார்கள். மார்ச் மாதம் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. இதையெல்லாம் நான் பெரிதாகச் சொல்லவில்லை. விற்பனை வேலை என்றால் டார்கெட் இருக்கத்தான் செய்யும்.

என்னால் தாங்க முடியாதது வேறு. பள்ளத்தூரில் ஒரு ஆச்சி. மகன் சிங்கப்பூரில். முகப்பு முதல் பின்கட்டு வரை நீளும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். பாங்க்கில் போட்டிருந்த ஐந்து லட்சம் முதிர்ந்திருந்தது. ஜாயின்ட் கால் என்று என் மேலதிகாரியும் கூடவே வந்தார். வருடாவருடம் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியைக் காட்டி, "டெபாசிட் மாதிரிதான் ஆச்சி, பாங்க்கை விடக் கூடவே வரும்" என்றார்.

ஆச்சி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "ஒரு தடவைதானப்பா கட்டணும்?" என்று கேட்டார்கள். அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்கள். எங்கள் அப்பத்தாவை அவர்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் மேலதிகாரி, "ஆமா ஆச்சி. கம்பெனியிலேர்ந்து போன் வரும், கேக்குறதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லிடுங்க, இல்லேன்னா ஃபைல் நின்னுடும்" என்றார். வாங்குகிறவருக்கு எல்லாம் புரிந்ததா என்று பாலிசி கொடுக்கும் முன் கேட்பதற்காக வைத்த அழைப்பு அது. அதற்கே பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்!

"இல்ல ஆச்சி, பத்து வருஷம் வருஷா வருஷம் கட்டணும்" என்று சொல்லிவிட்டேன். ஆச்சி செக் புத்தகத்தை மூடிவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் மோர் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். காரில் ஏறியதும் திட்டு ஆரம்பித்தது, காரைக்குடி வரும்வரை நிற்கவில்லை. பிறகு 'பெர்ஃபாமன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒரு மெயில். அன்றிலிருந்து எனக்கு வர வேண்டிய லீடெல்லாம், அதாவது பாலிசி எடுக்கக்கூடியவர்களின் விவரமெல்லாம், வேறொருவருக்குப் போயிற்று.

அந்த மேலதிகாரிக்கு இந்த ஊர் ஒரு போஸ்டிங். அடுத்த வருடம் சேலத்தில் இருப்பார், அல்லது வேறு கம்பெனியில். ஆச்சி கையில் ரெனியூவல் நோட்டீஸோடு தேடி வருவது எங்கள் வீட்டு வாசலுக்குத்தான். கம்பெனி என்னை வேலைக்கு எடுத்ததே என் முகத்துக்காகத்தான். அதைச் செலவழித்துவிட்டு, தீர்ந்ததும் போ என்றால் நான் எந்த ஊருக்குப் போவது?

தேவகோட்டை மகள்:

அண்ணே, நான் அதே மாதிரி வேறொரு கம்பெனியில் கவுண்டரில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்த நோட்டீஸ் வந்து விழுவது எங்கள் மேஜையில். விற்றவர் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். ஒரு பெரியவர் "ஏமாத்திட்டீங்களேம்மா" என்று கும்பிட்டபடி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

பாலிசி பிடிக்காவிட்டால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். முன்பு 15 நாள்தான் இருந்தது, 2024-இல் கூட்டினார்கள். அந்த வாய்ப்பை நாங்களாக வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்பது எங்கள் கிளையில் எழுதப்படாத உத்தரவு. யாராவது கேட்டு வந்தால் முதலில் விற்றவருக்குப் போன் அடித்து, வீட்டுக்கே அனுப்பி மனதை மாற்ற வேண்டும். நான் தேதியைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், "நாளைக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க ஐயா" என்று.

புதுவயலில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர் இறந்து, மனைவி கிளெய்முக்கு வந்தார். பாலிசி எடுத்து மூன்று வருடம் தாண்டியிருந்தது, பிரீமியம் கட்டாமல் லேப்ஸும் ஆகவில்லை. தலைமை அலுவலகம் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு கொண்டு வா, அதற்கு முந்தைய சீட்டு கொண்டு வா என்று மாற்றி மாற்றிக் கேட்டது. ஒவ்வொரு முறையும் கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்தார். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவைச் சொல்லி மெயில் போட்டேன். மூன்று வருடம் முடிந்த பாலிசியில் அதை மறைத்தார் இதை மறைத்தார் என்று தட்டிக் கழிக்க முடியாது. பணம் வந்தது. அந்த வருடம் என் அப்ரைசலில் 'டீமோடு ஒத்துப் போகவில்லை' என்று எழுதினார்கள். இன்கிரிமென்ட் இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, அதனால் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

மேலூரணி:

பாங்க்கிலும் இதே கதைதான். லாக்கர் கேட்டு வருகிறவர், விவசாயக் கடன் கேட்டு வருகிறவர் என்று யார் வந்தாலும் கூட ஒரு பாலிசி போட வை என்கிறார்கள். நாங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி ஊழியர்களே இல்லை. ஆனாலும் அவர்கள் ஆள் எங்கள் கிளையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்குக் கேட்கிறார்.

பழைய டி.ஓ.:

தம்பி, தங்கச்சி, இரண்டு பேர் எழுதியதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் அரசுத் துறை இன்சூரன்ஸில் வளர்ச்சி அதிகாரியாக (டி.ஓ.) இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கும் டார்கெட் உண்டு, மார்ச் உண்டு. ஆனால் அநியாயம் என்றால் கேட் முன்னால் நிற்க ஒரு சங்கம் இருந்தது. அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கம் 1951-லேயே வந்துவிட்டது, 1956-இல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி நாட்டுடைமை ஆக்குவதற்கும் முன்பே. அந்தத் தங்கச்சிக்கு அப்ரைசலில் அப்படி எழுதியபோது கூட நிற்க ஒருவர்கூட இல்லை. எனக்கு மனசு பொறுக்கவில்லை.

நம் ஊருக்கு இந்தத் தொழில் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தை யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுப்பத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், நம் சீமைக்காரர். அதற்கும் முன்பு பர்மாவுக்குக் கடை பார்க்கப் போனவர்களுக்குச் சம்பளச் சீட்டு என்று ஒரு ஒப்பந்தம் எழுதுவார்கள். மூன்று வருடத் தவணை, இவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் இருக்கும், ஒரு பங்கு முன்பணமாக வீட்டுக்கே போய்விடும். எங்கள் ஐயா அப்படிப் போனவர். அந்தக் காலத்தில் அப்படிக் கடையில் உதவிக்குப் போன அடுத்தாள்களுக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே இருந்தது. ஆனால் எழுதியதை நடுவில் மாற்ற மாட்டார்கள். இப்போது ஆஃபர் லெட்டரில் ஒரு இன்சென்டிவ், மூன்று மாதம் கழித்து மெயிலில் வேறொரு இன்சென்டிவ்.

குன்றக்குடி ரோடு:

நானும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். சேர்ந்து ஐந்து வருடம் முடிய மூன்று மாதம் இருக்கிறது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) வராது என்கிறார் ஹெச்.ஆர். ரிலீவிங் லெட்டரும் தராமல் இழுக்கிறார்கள். யாருக்காவது தெரியுமா?

பழைய டி.ஓ.:

அவர் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள் தம்பி. 1972-இன் பணிக்கொடைச் சட்டத்தில் ஐந்து வருடம் என்றுதான் இருந்தது, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் நிரந்தர ஊழியருக்கு அதேதான். ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த வருடம் முழுதாகவே கணக்கு என்று பழைய சட்டத்தின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மேட்டூர் பியர்ட்செல் வழக்கு என்று தேடுங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள், வாயால் வேண்டாம். பதில் இல்லையென்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். பல மாநிலங்களில் கிளை உள்ள கம்பெனிக்கு அதுதான் இடம்.

கல்லுக்கட்டிக்காரன்:

அதோடு, ஆபீஸ் மெயிலை அடைப்பதற்குள் ஆஃபர் லெட்டர், இன்சென்டிவ் மாற்றிய மெயில், மாதாமாதம் தரும் சம்பளச் சீட்டு, ராஜினாமாவுக்கு வந்த பதில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் விவரம் எதையும் எடுக்காதீர்கள், அதைப் பிடித்துக்கொள்வார்கள். தேவகோட்டைத் தங்கச்சி, அந்தக் கும்பிட்ட பெரியவருக்கு 30 நாள் தாண்டியிருந்தால் கம்பெனியில் எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மனு எழுதத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வரச் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.