கலைச்சொல்: 'ஸ்ட்ரென்த் ஆஃப் ஸ்கெட்யூல்' – அட்டவணை வலிமையா, எதிரணி வலுவா?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் சாம்பியனை எப்படித் தீர்மானிக்கிறார்கள், வேறு எப்படித் தீர்மானிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். (நம் உதைபந்து அல்ல, தலைக்கவசம் போட்டு முட்டிமோதும் ஆட்டம்.) பிளே-ஆஃபை அப்படியே வைத்துக்கொண்டேன், ஐபிஎல் புண்ணியத்தில் அது எல்லோருக்கும் தெரியும். 'ஸ்ட்ரென்த் ஆஃப் ஸ்கெட்யூல்' மட்டும் இடிக்கிறது. "அட்டவணை வலிமை" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மறுமொழி

தம்பி, அட்டவணைக்கு ஏது வலிமை? யாரோடு மோதினார்கள், அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதுதானே சேதி? என் பரிந்துரை "எதிரணி வலு". உங்கள் கட்டுரையே இந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேல்பிரிவில் 130-க்கும் அதிகமான அணிகள். வழக்கமான பருவத்தில் ஆளுக்கு 12 ஆட்டம், அதிலும் பெரும்பாலானவை சொந்தக் கூட்டமைப்புக்குள்ளேயே (கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கும் 'கான்ஃபரன்ஸ்'). தோல்வியே காணாத இரண்டு அணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பருவத்தை முடித்துவிடலாம். யார் பெரியவர் என்று அப்போது எதை வைத்துச் சொல்வது? எதிரணி வலுவை வைத்துத்தான்.

1936-இலிருந்து அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நிருபர்களிடம் வாக்கெடுத்துப் பட்டம் கொடுத்துவந்தது. அதில் வேடிக்கைகளும் உண்டு. 1964-இல் 'போல்' ஆட்டங்களுக்கு (பருவம் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டங்கள்) முன்பே வாக்கெடுப்பை முடித்து அலபாமாவைச் சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். அப்புறம் ஆரஞ்சு போலில் அலபாமா டெக்சஸிடம் தோற்றது. கொடுத்த பட்டம் கொடுத்ததுதான்.

1998-இல் வந்த பி.சி.எஸ். (போல் சாம்பியன்ஷிப் சீரிஸ்) முறை, வாக்கெடுப்பையும் கணினித் தரவரிசைகளையும் கலந்து முதல் இரண்டு அணிகளை இறுதிக்கு அனுப்பியது. அந்தச் சூத்திரத்தில் எதிரணி வலு தனி உறுப்பாகவே இருந்தது. 2003-இல் கூத்து நடந்தது. நிருபர்கள், பயிற்சியாளர்கள் என இரண்டு வாக்கெடுப்புகளிலும் முதலிடம் பிடித்த சதர்ன் கலிஃபோர்னியா, சூத்திரத்தில் மூன்றாவது. கூட்டமைப்பு இறுதியில் கான்சஸ் ஸ்டேட்டிடம் 35–7 என்று உதைவாங்கிய ஓக்லஹோமா, சூத்திரத்தில் அப்போதும் முதலிடம். கடைசியில் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) ஓக்லஹோமாவை 21–14 என்று வென்று பி.சி.எஸ். பட்டத்தை எடுத்தது. நிருபர்களோ சதர்ன் கலிஃபோர்னியாவுக்கே வாக்களித்தார்கள். ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன். மறு ஆண்டே அந்தத் தனி உறுப்பைத் தூக்கிவிட்டார்கள். கணினிக் கணக்குக்குள்ளேயே அது இருக்கிறது, இரண்டு முறை எண்ணுவானேன் என்பது வாதம்.

அந்தக் கணினிக் கணக்குகளில் எனக்குப் பிடித்தது கோலி முறை. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றாய் என்று அது கேட்பதே இல்லை. வெற்றியோடு ஒன்று, ஆட்டங்களோடு இரண்டு கூட்டி வகுக்கும். 12-க்கு 12 வென்றால் 13/14. ஆடாத அணிக்குச் சரிபாதி. பிறகு, சந்தித்த அணிகளின் மதிப்பெண்ணை வைத்து எல்லாரையும் ஒரே நேரத்தில் திருத்தும். நான்கு அணி பிளே-ஆஃபில் இடமே கிடைக்காத சென்ட்ரல் ஃபுளோரிடாவை 2017-இல் முதலிடத்தில் வைத்தது இதுதான்.

2014 முதல் பிளே-ஆஃபுக்கான அணிகளை 13 பேர் குழு அறையில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறது. 2023-இல் 13–0 என்றிருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டுவிட்டு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை எடுத்தார்கள். குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர்) காயப்பட்டதால் ஃபுளோரிடா ஸ்டேட் முன்புபோல் இல்லை என்றார்கள். இது எதிரணி வலு அல்ல, ஆருடம் என்பது என் கட்சி.

மாற்று என்றால் சதுரங்கத்தின் சுவிஸ் முறையை ஏன் யாரும் பேசுவதில்லை? வென்றவரை வென்றவரோடு கோத்துக்கொண்டே போனால் 128 அணிகளில் ஏழே சுற்றில் தோற்காத அணி ஒன்றுதான் மிஞ்சும். 130-க்கு மேல் என்றால் எட்டுச் சுற்று. கைவசம் 12 வாரம் இருக்கிறது! ஆனால் நடக்காது. ஆட்டங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள், லட்சம் பேர் உட்காரும் அரங்குகள் வேறு. நவம்பர்க் கடைசியில் ஒஹையோ ஸ்டேட்–மிச்சிகன் ஆட்டம் இல்லை என்று சொல்லிப்பாருங்கள்.

சுவிஸைச் சும்மா இழுக்கவில்லை. 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் ஆளுக்கு 19 புள்ளி. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது டை-பிரேக்கில், அதாவது சந்தித்த அணிகள் எடுத்த புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கில். "எதிரணி வலு" அங்கேயும் பொருந்துகிறது. "அட்டவணை வலிமை" பொருந்தாது, சுவிஸில் முன்கூட்டியே போட்ட அட்டவணை கிடையாதே.

மறுமொழி

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். "இன்றைய எதிரணி வலு அதிகம்" என்று ஒற்றை ஆட்டத்துக்கும் எழுதிவிட மாட்டார்களா? "எதிரணிகளின் கூட்டுவலு" என்றால் குழப்பம் தீரும்.

மறுமொழி

தீரும் அம்மா, ஆனால் தலைப்புக்குள் அடங்காது. விளையாட்டுப் பக்கத்தில் இடம் குறுகல். அகராதிப் பதிவில் உங்கள் நீளச் சொல்லை விளக்கமாக வைப்போம், புழக்கத்துக்கு "எதிரணி வலு". ஒற்றை ஆட்டமென்றால் "எதிரணி பலமானது" என்றுதான் மக்கள் சொல்வார்கள்.

மறுமொழி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. இப்படிப் பதிகிறேன்:

எதிரணி வலு: ஓர் அணி ஒரு பருவத்தில் சந்தித்த எதிரணிகள் அனைத்தின் கூட்டுவலு. "தோற்காவிட்டாலும் எதிரணி வலு குறைவு என்று குழு கைவிரித்தது."

அடுத்தது 'பை'. 2024-இல் பிளே-ஆஃப் 12 அணியானபோது நான்கு அணிகள் முதல் சுற்றில் ஆடாமலே காலிறுதிக்குப் போயின, நான்கும் அங்கேயே தோற்றன. "முதல்சுற்று விலக்கு" என்று எழுதலாமா, அல்லது கிரிக்கெட் 'பை' ஓட்டத்தோடு குழம்பினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடலாமா?